பசிக்கும் ஒரு முகவரி உண்டு

இந்திய உணவுக் கழகத்தின் கிடங்குகளுக்கு வெளியே, தார்ப்பாய் போர்த்திய கோதுமை மூட்டைகள் மழையில் நனையும் புகைப்படத்தை வெளியிடாத பத்திரிகை நம் நாட்டில் இருக்க முடியாது. அதே பத்திரிகையின் வேறொரு பக்கத்தில் விலா எலும்பு துருத்திக்கொண்டிருக்கும் ஒரு குழந்தையின் படமும் இருக்கும். இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்துப் பெருமூச்சு விடுவது நமக்குப் பழகிப்போன காரியம். மூட்டையைக் குழந்தையின் வீட்டுக்குக் கொண்டு சேர்த்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று நெடுங்காலம் நம்பியிருந்தோம்.

ஓரளவுக்கு மூட்டை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தும்விட்டது. 2013ல் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கிராமங்களில் 75 சதவீதம் பேருக்கும் நகரங்களில் 50 சதவீதம் பேருக்கும் மலிவு விலைத் தானியம் என்பது சட்டப்படியான உரிமை ஆயிற்று. கணக்குப்படி சுமார் 81 கோடிப் பேர். 2023 ஜனவரியிலிருந்து அந்தத் தானியத்துக்குக் காசும் இல்லை. ஆளுக்கு மாதம் 5 கிலோ இலவசம். 2024 ஜனவரியிலிருந்து மேலும் ஐந்தாண்டுகளுக்கு இது தொடரும் என்று அரசு அறிவித்திருக்கிறது. உலகத்தில் இவ்வளவு பேருக்கு இவ்வளவு தானியத்தை மாதம் தவறாமல் கொடுக்கும் ஏற்பாடு வேறெங்கும் இருப்பதாகத் தெரியவில்லை. இதைக் குறைத்துப் பேசுவது அநியாயம்.

ஆனாலும் 2019க்கும் 2021க்கும் இடையில் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு சொல்வது வேறு: ஐந்து வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளில் 35.5 சதவீதம் பேருக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை.

ஐந்து கிலோவை முப்பது நாளுக்குப் பங்கிட்டால் ஒரு நாளைக்கு 167 கிராம் வரும். அதுவும் வெறும் அரிசி அல்லது கோதுமை. சில மாநிலங்கள் பருப்பும் எண்ணெயும் சேர்த்துத் தருகின்றன. பல மாநிலங்கள் தருவதில்லை. கீரைக்கும் காய்க்கும் ரேஷன் கடையில் இடமே கிடையாது. இன்னொன்றும் இருக்கிறது. அரிசி தானாகச் சோறாகிவிடாது. அதற்கு அடுப்பும் விறகும் வேண்டும், எழுந்து நிற்கிற தெம்புள்ள ஒரு ஆளும் வேண்டும். எண்பது வயதில் தனியாகக் கிடக்கும் ஒரு கிழவிக்கு, கடையில் போய்க் கைரேகை வைத்து மூட்டை தூக்கி வந்து பொங்கித் தின்னும் வலு இருந்தால் அவள் பசியோடு கிடக்க மாட்டாள். சர்க்காரின் கணக்கில் அவள் சாப்பிட்டவள்தான். அட்டை இருக்கிறது, பதிவும் இருக்கிறது. அவள் வீட்டு அடுப்பு மூன்று நாளாக எரியவில்லை என்பது பக்கத்து வீட்டுக்காரிக்கு மட்டுமே தெரிந்த சமாச்சாரம்.

இங்கேதான் தொண்டர்களுக்கும் தோட்டங்களுக்கும் வேலை இருக்கிறது.

தோட்டம் போட்டுப் பசியைப் போக்கலாம் என்பது நமக்குப் புதிய யோசனை இல்லை. இரண்டாம் உலக யுத்த காலத்திலேயே 'அதிக உணவு உற்பத்தி' இயக்கம் நடந்தது. 1965ல் பாகிஸ்தான் யுத்தமும் உணவுத் தட்டுப்பாடும் ஒருசேர வந்தபோது, திங்கட்கிழமை இரவுச் சாப்பாட்டை விட்டுவிடுங்கள் என்று லால்பகதூர் சாஸ்திரி நாட்டைக் கேட்டுக்கொண்டார். தன் வீட்டுப் புல்வெளியிலும் அவர் பயிரிட்டுக் காட்டினார். ஹோட்டல்கள் திங்கள் இரவு கதவடைத்தன. லட்சக்கணக்கான குடும்பங்கள் அந்த விரதத்தை உண்மையாகவே கடைப்பிடித்தன. நாட்டின் மனசாட்சிக்கு அது பெரிய காரியம். ஆனால் தில்லியில் ஒரு வீட்டில் மிச்சமான நான்கு சப்பாத்தி எந்த வழியாக, யார் கையால், எந்தப் பசித்த வீட்டுக்குப் போகும்? அதற்கு ஏற்பாடு ஏதும் இருக்கவில்லை. அடுத்த ஆண்டே பீகார் பஞ்சம் வந்தது. அப்போது பாலமு மாவட்டத்துக் கிராமங்களைக் காப்பாற்றியதில் ஜெயப்பிரகாஷ் நாராயணின் நிவாரணக் குழுத் தொண்டர்களுக்கும் அவர்கள் நடத்திய இலவசச் சமையற்கூடங்களுக்கும் கணிசமான பங்கு உண்டு. அவர்கள் விரதம் இருக்கச் சொல்லவில்லை. ஊர் ஊராகப் போய் அடுப்பு மூட்டினார்கள்.

இன்று இந்த வேலை ஓரளவு ஒழுங்காக நடக்கும் இடங்களில் ஒன்று கேரளத்தின் ஆலப்புழை மாவட்டத்தில் இருக்கிறது. ஆலப்புழைக்கு வடக்கே, ஒரு பக்கம் கடலும் மறு பக்கம் வேம்பநாட்டுக் காயலும் இருக்க, நடுவில் மாராரிக்குளமும் கஞ்சிக்குழியும் உள்ளன. மண் என்று சொல்லக்கூடாது; வெறும் மணல். ஊற்றிய தண்ணீர் நிற்காது. கயிற்றுத் தொழில்தான் ஊருக்குச் சோறு போட்டது. அது நொடித்தபோது நொடித்துப்போனவர்களில் பெரும்பாலோர் பெண்கள். தொண்ணூறுகளின் நடுவில் கஞ்சிக்குழிப் பஞ்சாயத்து வீட்டுக்கு வீடு காய்கறி போடும் இயக்கத்தைத் தொடங்கியபோது, கடற்கரை மணலில் காய்கறியா என்று சிரித்தவர்கள் உண்டு. சாணமும் கோழி எருவும் தென்னை நார்க் கழிவும் போட்டு, தினமும் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி அந்த மணலில் பயற்றங்கொடியை ஏற்றினார்கள். முழநீளத்துக்குத் தொங்கும் கஞ்சிக்குழிப் பயறு இன்று கேரளம் முழுதும் பெயர் பெற்ற ரகம். ஒட்டன்சத்திரத்து லாரி வராவிட்டால் சாம்பார் கிடையாது என்றிருந்த மாநிலத்தில் இது சின்ன விஷயம் இல்லை.

தோட்டம் வந்ததால் பசி போய்விட்டதா? இல்லை. தோட்டம் போட்ட வீடு சாப்பிட்டது. மிச்சத்தைச் சாலையோரம் கடை போட்டு விற்றது. மண்ணைக் கொத்த முடியாதவன் பசித்தே இருந்தான். அவனைக் கண்டுபிடித்தவர்கள் விவசாயிகள் அல்லர். நோயாளிகளைப் பார்க்கப் போன தொண்டர்கள்.

கேரளத்தில் 1993ல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி நிவாரணப் பராமரிப்பு, அந்தப் பத்தாண்டின் முடிவில் டாக்டர்களின் கையிலிருந்து அக்கம்பக்கத்தாரின் கைக்கு வந்தது. ஆசிரியர், ஆட்டோ ஓட்டுநர், ஓய்வுபெற்ற குமாஸ்தா, இல்லத்தரசி என்று யார் வேண்டுமானாலும் பயிற்சி பெற்று, தன் வார்டில் படுத்த படுக்கையாக இருப்பவர்களை வாரம் ஓரிரு மணி நேரம் போய்ப் பார்த்துவரலாம். புற்றுநோயின் வலியைக் குறைக்கத்தான் போனார்கள். போன இடத்தில் கண்டது வேறு. வலிக்கு மாத்திரை கொடுத்தாயிற்று. அதை விழுங்குவதற்கு முன் வயிற்றில் போட வீட்டில் ஒன்றுமில்லை. சம்பாதித்தவன் படுத்துவிட்டான், அவனைப் பார்த்துக்கொள்வதற்காக மனைவியும் வேலையை விட்டுவிட்டாள். மருந்துப் பையோடு அரிசிப் பையும் தூக்க வேண்டிவந்தது.

மாராரிக்குளத்தில் இதே தொண்டர்கள் ஓர் அடி மேலே போனார்கள். சமைத்துக்கொள்ள முடியாதவர்கள் யார் யார் என்று வீடு வீடாகப் பட்டியல் எடுத்தார்கள். சுமார் நானூறு பேர் தேறினார்கள். கேரளத்தின் இரண்டு மூன்று பஞ்சாயத்துகளுக்குள் நானூறு பேர் என்பது அதிர்ச்சியாக இருக்கலாம். ஆனால் கவனிக்க வேண்டியது வேறு: நானூறு என்பது எண்ணி முடிக்கக்கூடிய எண்ணிக்கை. நானூறு பேருக்கும் பெயர் இருக்கிறது, வீடு இருக்கிறது, சந்து இருக்கிறது. மதியச் சாப்பாட்டைப் பொட்டலமாக்கி ஸ்கூட்டரில் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம். அதைத்தான் செய்கிறார்கள். 2018 மார்ச்சில் தேசிய நெடுஞ்சாலையோரம் பாதிரப்பள்ளியில் 'ஸ்நேகஜாலகம்' அமைப்பினர் மக்கள் உணவகம் ஒன்றையும் திறந்தார்கள். அங்கே கல்லாப்பெட்டி இல்லை. ஒரு உண்டியல் மட்டும் உண்டு. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, முடிந்ததைப் போடலாம். பக்கத்திலேயே காய்கறித் தோட்டம். எல்லோரும் ஏமாற்றிவிட்டுப் போய்விடுவார்களே என்று கேட்பவர்கள், குருத்வாராக்களின் லங்கர் சில நூற்றாண்டுகளாக உண்டியல்கூடக் காட்டாமல் நடப்பதை நினைத்துப் பார்க்கலாம்.

பின்னாளில் மாநில அரசே இந்த வழியைக் கையில் எடுத்தது. 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்த சில நாட்களுக்குள் உள்ளாட்சிகளும் குடும்பஸ்ரீ பெண்களும் சேர்ந்து சமூக அடுப்பங்கரைகளைத் திறந்தார்கள். பிறகு 20 ரூபாய்க்கு மதியச் சாப்பாடு தரும் ஜனகீய ஹோட்டல்கள் ஆயிரத்துக்கு மேல் வந்தன. ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் அரசு கொடுத்துவந்த 10 ரூபாய் மானியம் 2023 ஆகஸ்டில் நின்றுவிட, விலை 30 ஆயிற்று. பல ஹோட்டல்கள் தள்ளாடி மூடின. அதற்கு முன்பே, 2021ல், கடும் வறுமையில் உள்ள குடும்பங்களைக் கண்டறியும் வேலை வார்டு வார்டாக நடந்தது. 64,006 குடும்பங்கள் பட்டியலில் வந்தன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் திட்டம் போட்டார்கள்: ஒருவருக்கு வீடு, ஒருவருக்கு மருந்து, ஒருவருக்கு வெறும் ரேஷன் அட்டை, சிலருக்குத் தினமும் சமைத்த சாப்பாடு. கடும் வறுமை ஒழிந்துவிட்டது என்று 2025 நவம்பர் 1ந் தேதி அரசு பிரகடனம் செய்தது. பட்டியலில் வராதவர்கள் எத்தனை பேர் என்று பொருளாதார நிபுணர்களும் எதிர்க்கட்சியினரும் கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். இருந்தாலும் சதவீதத்தை விட்டுவிட்டு வாசற்படியில் போய் நிற்கும் முறையை ஓர் அரசு கற்றுக்கொண்டதே, அதைத் தள்ளிவிட முடியாது.

கேரளத்தில் படித்தவர்கள் அதிகம், பஞ்சாயத்தில் பணம் இருக்கிறது, அங்கே நடக்கும் என்று ஒரு வாதம் எழும். அப்படிச் சொல்பவர்கள் தெலங்கானாவில் ஜஹீராபாத் பக்கம் பார்க்க வேண்டும்.

பழைய மேடக் மாவட்டத்தின் அந்த வறண்ட பூமியில், பஸ்தாபூரை மையமாகக் கொண்டு 1983லிருந்து தக்காண வளர்ச்சிச் சங்கம் இயங்குகிறது. அதன் உறுப்பினர்கள் சுமார் 75 கிராமங்களைச் சேர்ந்த ஏழைப் பெண்கள். அநேகமாக எல்லோரும் தலித்துகள். படித்தவர்கள் குறைவு. நிலச் சீர்திருத்தத்தில் அவர்கள் குடும்பங்களுக்குக் கிடைத்தது கல்லும் மேடுமான நிலம். அதில் சோளம், கம்பு, தினை, துவரை என்று ஒரே துண்டில் பத்துப் பதினைந்து பயிர் போட்டுக் காலம் தள்ளினார்கள். சங்கம் தொடங்கிய அதே 1983ல் என்.டி. ராமராவின் கிலோ 2 ரூபாய் அரிசி வந்தது. பசிக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் உள்ளூர்ச் சோளத்தை விட மலிவாக வெளியூர் அரிசி கிடைத்ததும் மேட்டு நிலங்கள் தரிசாகத் தொடங்கின. நிலம் தரிசானதும் கூலி போயிற்று. கூலி போனதும் அந்த 2 ரூபாய்க்கும் வழியில்லை. பசியைத் தீர்க்க வந்த அரிசி பசிக்கு வேறு வாசலைத் திறந்துவிட்டது.

தொண்ணூறுகளின் நடுவில் அந்தப் பெண்கள் செய்தது வெகு சாமர்த்தியமான காரியம். தரிசை உழுது எருவிட்டு விதைக்க மத்திய அரசின் உதவியோடு நிலத்துக்காரருக்குக் கடன் கொடுத்தார்கள். கடனைப் பணமாகத் திருப்ப வேண்டாம். சில ஆண்டுகளுக்குச் சோளமாகக் கொடுத்தால் போதும். அந்தச் சோளம் ஊரை விட்டு வெளியே போகாது. கிராமத்திலேயே சேமித்து, கூலி கிடைக்காத மழைக்கால மாதங்களில் ஏழைகளுக்குச் சல்லிசான விலையில் கொடுப்பார்கள். வந்த பணம் அடுத்த தரிசை உழுவதற்கு.

யார் ஏழை என்று தீர்மானித்த விதம் இன்னும் அருமை. ஊர்ப் பொதுவிடத்தில் கலர்ப் பொடியால் தரையில் கிராமத்தின் வரைபடத்தைக் கோலம் போல் போட்டு, வீடு வீடாகக் குறித்து, இந்த வீடு எந்தப் படி என்று எல்லோர் முன்னிலையிலும் பேசி முடிவு செய்தார்கள். பொய் சொல்ல முடியாது. பக்கத்து வீட்டுக்காரி அங்கேயே நிற்கிறாள். ஏழ்மை கூடக் கூடத் தானியமும் கூடும். தாசில்தாரின் வருமானச் சான்றிதழ் எதற்கும் தேவைப்படவில்லை. வறுமைக் கோட்டை எங்கே போடுவது என்று தில்லியில் கமிட்டி மேல் கமிட்டி உட்கார்ந்துகொண்டிருந்த காலத்தில் இங்கே அதைக் கோலப் பொடியால் போட்டு முடித்துவிட்டார்கள்.

அந்த வயல்களில் இன்னொரு தோட்டமும் உண்டு. அது யாரும் விதைக்காதது. பயிருக்கு நடுவே தானாக முளைக்கும் கீரைகள். நமக்குக் களை, அவர்களுக்குக் குழம்பு. களை எடுக்கப் போகும் கூலிப் பெண் மடி நிறையப் பறித்துக்கொண்டு போகலாம், நிலத்துக்காரர் கேட்பதில்லை. நிலமில்லாதவளுக்கு இரும்புச் சத்து கிடைத்த வழி இதுதான். களைக்கொல்லி தெளித்த வயலில் இந்தத் தோட்டம் அழிந்துவிடுகிறது. எந்தப் புள்ளிவிவரத்திலும் இந்த நஷ்டம் ஏறாது. சங்கத்துப் பெண்களோ இந்தக் கீரைகளைப் பெயர் பெயராகச் சொல்லிப் பதிவு செய்து வைத்திருக்கிறார்கள். 2019ல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் ஈக்வேட்டர் பரிசு இவர்களுக்குக் கிடைத்தது. சங்கத்தை நடத்திவந்த பி.வி. சதீஷ் 2023 மார்ச்சில் காலமானார். அது ஐ.நா.வின் சிறுதானிய ஆண்டு. நட்சத்திர ஹோட்டல்களில் கம்பு தோசை பரிமாறிய ஆண்டு.

இவ்வளவையும் சொன்ன பிறகு, சந்தேகங்களையும் சொல்லியாக வேண்டும்.

முதலாவது நிலம். கூட்டாகத் தோட்டம் போடுபவர்களுக்குச் சொந்த நிலம் இருப்பதில்லை. கேரளத்தில் குடும்பஸ்ரீயின் கூட்டு விவசாயக் குழுக்களில் லட்சக்கணக்கான பெண்கள் இருக்கிறார்கள். நான்கிலிருந்து பத்துப் பேர் சேர்ந்து யாரோ தரிசாகப் போட்ட நிலத்தை எடுத்துப் பயிரிடுகிறார்கள். 1970லேயே குத்தகை முறையைச் சட்டம் ஒழித்துவிட்ட மாநிலம் அது. ஆகவே குத்தகை பெரும்பாலும் வாய்ப்பேச்சுதான். கல் பொறுக்கி, புதர் வெட்டி, எருப் போட்டு இரண்டு மூன்று வருஷத்தில் மண்ணைப் பண்படுத்தியதும், நிலத்துக்காரருக்கு நிலத்தின் மேல் திடீரென்று பாசம் வந்துவிட்டால் அந்தப் பெண்கள் போய் முறையிட இடமில்லை. பயிர் நஷ்டமானால் நிவாரணம் வாங்கவும் கையில் காகிதம் இல்லை.

இரண்டாவது உழைப்பு. 'தன்னார்வம்' என்ற சொல் எங்கே வந்தாலும், அது யாருடைய நேரம் என்று கேட்டுவிடுவது நல்லது. அநேகமாக ஒரு பெண்ணுடைய நேரமாக இருக்கும். 2018ல் தொடங்கிய போஷண் திட்டத்தின் கீழ் அங்கன்வாடிதோறும் ஊட்டச்சத்துத் தோட்டம் போடச் சொன்னார்கள். 2019ல் பள்ளித் தோட்டங்களுக்கும் வழிகாட்டுதல் வந்தது. யோசனையில் குற்றமில்லை. ஆனால் குழந்தைகளுக்குச் சோறு போட்டு, எடை பார்த்து, பதிவேடு எழுதி, அதையே மறுபடி போனில் ஏற்றும் அங்கன்வாடி ஊழியரின் தலையில் மண்வெட்டியையும் வைத்தால்? குழாயில் தண்ணீர் வராத மையத்தில் முருங்கைக் கன்றுக்கு எங்கிருந்து ஊற்றுவது? பள்ளிக்கூடமோ கோடையில் மூடிவிடும். ஜூனில் திறக்கும்போது காய்ந்த குச்சிகளும் பெயர்ப்பலகையும் மட்டும் இருக்கும்.

நகரங்களில் நிலைமை தலைகீழ். நேரம் உள்ளவர்களும் நல்ல மனம் உள்ளவர்களும் இருக்கிறார்கள், பசித்தவரைத்தான் தெரியாது. 2014ல் தில்லியில் தொடங்கிய ராபின் ஹுட் ஆர்மி இளைஞர்கள் ஹோட்டல்களிலும் கல்யாண வீடுகளிலும் மிஞ்சிய உணவைக் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். யாரிடமும் பணம் வாங்குவதில்லை. பாராட்டலாம். ஆனால் மிச்சம் என்பது மிஞ்சினால்தான். முகூர்த்த நாளில் பிரியாணி, மறுநாள் ஒன்றுமில்லை. மொட்டை மாடித் தோட்டக்காரர்களின் தக்காளியோ வாட்ஸப்பில் படமாக வலம் வந்துவிட்டு அவர்கள் வீட்டு ரசத்திலேயே முடிந்துவிடுகிறது. அதில் தப்பில்லை. பசி ஒழிப்பு என்று அதற்குப் பெயர் வைப்பதில்தான் சங்கடம்.

தில்லியிலோ மும்பையிலோ புனேயிலோ ஒரு குடியிருப்புக் காலனியார் உண்மையாகவே ஏதாவது செய்ய நினைத்தால், விதை வாங்குவதற்கு முன் விசாரிக்க வேண்டும். காலனியில் பாத்திரம் துலக்க வருகிற அம்மாளுக்கும், காவலாளிக்கும், பின்புறத்துக் குடிசைப் பகுதியின் அங்கன்வாடி ஆயாவுக்கும் எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது தெரியும். கேட்டால் சொல்வார்கள். பத்து வீடு தெரிந்தால் போதும். பிறகு மண்ணைக் கொத்தலாம். காலிஃப்ளவர் வேண்டாம், அதற்குப் பக்குவம் பார்த்து மாளாது. முருங்கைக் கொம்பு நான்கு, கறிவேப்பிலை, பப்பாளி, வேலியில் அவரை, நடுவில் கீரைப் பாத்தி. கீரை ஒரு மாதத்தில் வந்துவிடும். தண்ணீர் ஊற்றுவதற்கு முறை வைத்துக்கொண்டு, அந்த முறைப் பட்டியலில் ஆண்கள் பெயரையும் எழுத வேண்டும்.

பறித்ததைச் சாயங்காலம் வரை வைத்திருக்கக் கூடாது. அங்கன்வாடியில் உலை காலையிலேயே ஏறிவிடும். கீரை அதற்கு முன்னால் ஆய்ந்து முடித்துப் போய்ச் சேர வேண்டும்.